உப்புக் காற்றில் உறங்கும் ஊர்திகள்

செங்கற்பட்டு மாவட்டத்தைக் கார்கள் பிறக்கும் மண் என்று அழைத்தால் அது மிகையாகாது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இயங்கி வந்தது. ஹெரால்டு, கெஜல் என்ற பெயர்களை இன்று அறுபதைக் கடந்தவர்கள் மட்டுமே நினைவு கூர்வார்கள். 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெரிய காரை வெளியிட்ட அந்த ஆலை, 1988-இல் கதவடைத்தது. பின்னர் 1990-களின் நடுவே மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் கால் பதித்தது. அங்கு உருவான கார்கள் கப்பலேறிப் பல நாடுகளுக்கும் சென்றன.

ஓடும் கார்களை உலகுக்கு அனுப்பிய இதே மாவட்டத்தில், ஓடாமல் நிற்கும் கார்களும் நிறையவே கண்ணில் படுகின்றன. முஹல்லாத் தெருக்களில் நடந்து பாருங்கள். இரும்புக் கதவுக்கு அப்பால், போர்டிகோவில், சாம்பல் நிற உறையைப் போர்த்திக்கொண்டு ஒரு கார் நிற்கும். அதன் சொந்தக்காரர் ஜித்தாவிலோ, துபையிலோ, குவைத்திலோ இருப்பார். ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கும் விடுப்பில் வரும்போது மனைவி மக்களை ஏற்றிச் செல்ல வேண்டுமென்று ஆசையாக வாங்கிய கார் அது. எஞ்சிய பதினொரு மாதங்களும் அது அசைவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போனாலோ வேறு வகை. சவுக்குத் தோப்புகளுக்கிடையே பூட்டிக் கிடக்கும் பங்களாக்களில், உரிமையாளர் எப்போதோ ஒரு முறை வந்து போவதற்காக நிறுத்தி வைத்த கார்கள் கடற்காற்றைத் தின்றுகொண்டு நிற்கின்றன. உண்மையில் காற்றுதான் அவற்றைத் தின்கிறது.

இதைப் பற்றி ஏன் ஒரு குடும்ப இதழில் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். காரணம் இருக்கிறது.

செங்கற்பட்டில் வசிக்கும் என் தங்கைக்கு, சென்ற ரமளானில் ஒரு நாள் ஸஹர் நேரத்திற்குச் சற்று முன்னதாக மூச்சுத் திணறல் கண்டது. வீட்டில் மருமகளும் பள்ளிப் பருவத்துப் பேத்தியும் மட்டுமே. மருமகளுக்கு ஓட்டத் தெரியும். உரிமமும் உண்டு. போர்டிகோவில் கார் நிற்கிறது. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஓர் ஒலி. அவ்வளவுதான். இரண்டாம் முறை அந்த ஒலியும் இல்லை. 108 ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், தங்கை நலமாக இருக்கிறார். எனினும், பல இலட்சம் செலவிட்டு வாங்கிய வாகனம், அது எந்த வேளைக்காக வீட்டில் நிற்கிறதோ அந்த வேளையில் கைகொடுக்கவில்லை. பெருநாளைக்கு மறுநாள் ஜித்தாவிலிருந்து என் மருமகன், அதாவது தங்கையின் மகன், தொலைபேசியில் பேசினான். “மாமா, நீங்க போய் வண்டியைக் கொஞ்சம் பார்த்து எடுத்து வைங்க. அமானிதமா உங்க கிட்டயே ஒப்படைக்கிறேன்” என்றான். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு தட்டிக் கழிக்க முடியுமா?

நிற்கும் வாகனம் ஓய்வெடுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது தவறான எண்ணம். வண்டிக்குள் கடிகாரமும், திருட்டு எச்சரிக்கைக் கருவியும், எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டியும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. பேட்டரியும் சும்மா இருக்கும்போதே தன் ஆற்றலைத் தானே இழக்கும் இயல்புடையது. நம் ஊர் வெயிலில் அந்த இழப்பு இன்னும் விரைவு. முழுமையாக ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; 12-க்கு வந்துவிட்டால் அது காலி என்றே பொருள். காலியாகவே பல வாரங்கள் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட்டு படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு முடிந்தபோது, செங்கற்பட்டில் மட்டுமா, நாடெங்கும் மக்கள் இந்தப் பாடத்தைப் படித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்து நம் மாவட்டத்தையும் மீண்டும் ஒரு முறை பூட்டினார்கள் அல்லவா? அதன் பின் பேட்டரிக் கடைகளில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வண்டியை எழுப்ப வந்தவர் முதிய மெக்கானிக் ஒருவர். இளமையில் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு ஆலையில் வேலை பழகியவர். ஆலை மூடியதும் சொந்தமாகப் பட்டறை வைத்துக்கொண்டார். வந்ததும் அவர் சாவியைக் கேட்கவில்லை. துணி விரித்துத் தரையில் படுத்து, வண்டியின் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். எண்ணெய் சொட்டியிருக்கிறதா, கூலன்ட் கசிந்த தடம் இருக்கிறதா, குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்பதைத் தரையே சொல்லிவிடுமாம். “எடுத்ததும் செல்ஃப் அடிக்கிறவங்கதான் பாய் வண்டியைக் கெடுக்கிறாங்க. பதினோரு மாசம் பொறுத்த வண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியாதா?” என்றார்.

அடுத்துப் பானெட்டைத் திறந்தார். திறந்தவர் சற்றுப் பின்வாங்கி நின்றார். ஏர் பில்டர் பெட்டிக்குள் வேப்பிலைச் சருகும் பஞ்சும் தேங்காய் நாரும் சேர்ந்து ஒரு கூடு. எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. வயரிங்கில் இரண்டு இடங்களில் மேலுறை கடிபட்டுச் செம்பு தெரிந்தது. இந்த நிலையில் பேட்டரியை மட்டும் மாற்றி வண்டியைக் கிளப்பியிருந்தால், கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்திருக்கவும் கூடும். மின்னணுப் பெட்டி எரிந்தாலோ செலவு பல்லாயிரம். எலிக்கு மருந்து வைப்பதை விட, வண்டிக்கு அருகே நெல், தவிடு, கோழித் தீவனம் ஆகியவற்றை வைக்காமலிருப்பதும், வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் காட்டுவதும்தான் சிறந்த மருந்து என்றார் அவர். எலி இருட்டையும் அமைதியையும் தேடித்தான் வருகிறதாம்.

பேட்டரி தேறாது என்பது அளந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. முனைகளில் வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. சோடா உப்புக் கரைத்த வெந்நீரால் கேபிள் முனைகளைக் கழுவித் துடைத்து, புதிய பேட்டரியை வைத்து, மேலே சிறிது வாஸலின் தடவினார். கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். இந்த ஒரு ஒழுங்கை வீட்டுப் பெண்களும் தெரிந்துவைத்திருத்தல் நலம். வண்டி ஒரு மாதத்திற்கு மேல் நிற்கப் போகிறது என்றால், அந்த நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டாலே பேட்டரியின் ஆயுள் நீளும். அடுத்த வீட்டு வண்டியிலிருந்து மின்சாரம் இரவல் வாங்குவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பாஸிட்டிவிலும், பிறகு உயிருள்ள பேட்டரியின் பாஸிட்டிவிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கம்பியின் ஒரு முனை உயிருள்ள பேட்டரியின் நெகட்டிவில். மறுமுனையைச் செத்த பேட்டரியில் மாட்டக் கூடாது. சற்றுத் தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியிலிருந்து எழும் வாயுவின் அருகே பொறி பறக்காமலிருக்கத்தான் இந்த எச்சரிக்கை.

ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது, நிறம் கரி. பால் கலந்த காப்பி நிறமாக இருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருளாம். அப்போது எஞ்சினைத் தொடவே கூடாது. ஓட்டிய பழைய ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால், வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகுமுன் புது ஆயில் மாற்றிவிட்டுப் போவதே முறை. நம்மவர்கள் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விமானத்துக்கு நேரமாகும் அவசரத்தில் யாருக்கு இது நினைவு வரும்?

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்தார். புது பெட்ரோலின் காட்டம் இல்லை, வார்னிஷ் நெடி. பெட்ரோலும் கெட்டுப் போகும் பொருள்தான். போதாக்குறைக்கு, 2025 முதல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. கடலோர ஈரக் காற்றில் பாதித் தொட்டியோடு பல மாதம் நின்றால், நீர் சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும். இரண்டு, மூன்று மாதத்திற்கு நிறுத்துவதானால் தொட்டியை நிரப்பி வைப்பது நல்லது. காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்திற்கும் இடமில்லை. ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்றால் யாரேனும் ஓட்டித் தீர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வண்டியில் இருந்ததோ சொற்பம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஐந்து லிட்டர் ஊற்றினோம்.

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சில துளி ஆயில் விட்டு, ஒரு மணி நேரம் அப்படியே விட்டார். அதற்குள் லுஹர் பாங்கு கேட்டது; பள்ளிக்குப் போய் வந்தேன். திரும்பியபோது பெட்ரோல் பம்பின் பியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி செல்ஃபை மட்டும் சில விநாடிகள் சுழற்றினார். நெடுநாள் காய்ந்து கிடந்த பாகங்களுக்கு ஆயில் ஏறட்டும் என்பதற்காக. பிறகு பிளக்குகளையும் பியூஸையும் பூட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பும்படி என் தங்கையின் மருமகளிடமே கொடுத்தார். இருமிற்று; நின்றது. மறுபடி இருமிற்று. மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. ஆயில் விளக்கு அணைகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார். சில விநாடிகளில் அது அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். அணைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்தோ திருட்டுக்குப் பயந்தோ பலர் காரை மூடிய ஷெட்டில் நிறுத்துகிறார்கள். ஷட்டரை இறக்கிவிட்டு, “பேட்டரி ஏறட்டும்” என்று எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது உயிருக்கே ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மயக்கம் வருவது கூடத் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிடுவதால் பேட்டரி போதிய அளவு ஏறுவதுமில்லை. சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால்தான் பேட்டரிக்கும் ஊட்டம். எஞ்சினுக்குள் சேர்ந்த ஈரமும் சூட்டில் வெளியேறும்.

வண்டி எழுந்துவிட்டது. நகர்ந்ததா என்றால், இல்லை. புறப்படுமுன் மருமகன் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டுப் போயிருந்தான். பின் சக்கரங்களில் லைனர் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, சுத்தியால் மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டியதாயிற்று. நெடுநாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைப்பதே சரியான முறை.

அன்றே ஊர் சுற்றக் கிளம்பலாமா? மெக்கானிக் அனுமதித்தாலும் சட்டம் அனுமதிக்கவில்லை. காப்பீடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புகைச் சான்றும் காலாவதி. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் வண்டியை இறக்குவது குற்றம். அது மட்டுமன்று, யாரேனும் அடிபட்டுவிட்டால் அந்த ஏழைக் குடும்பத்திற்குச் சேர வேண்டிய இழப்பீட்டுக்கு நாமே முழுப் பொறுப்பு. காப்பீடு முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால், விபத்தின்றி ஓட்டியதற்காகச் சேர்த்து வைத்த போனஸ் தள்ளுபடியும் தப்பிக்கும். கடந்துவிட்டால் அதுவும் போகும். 15 ஆண்டு நிறைந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆக உயர்ந்தது. ‘நிற்கிற வண்டிக்கு என்ன செலவு’ என்று சொல்பவர்கள் இவற்றையும் கணக்கில் கொள்ளட்டும். ஆட்கள் வந்து வண்டியைப் பார்த்துக் காப்பீட்டைப் புதுப்பிக்க மூன்று நாட்கள் ஆயின. அதன் பின் இரண்டு நாள் கொளவாய் ஏரியை ஒட்டிய சாலையில் சிறிது சிறிதாக ஓட்டினோம். முதல் நாள் பிரேக் மிதிக்கும் போதெல்லாம் டிஸ்க்கில் படிந்த துரு கரகரத்தது. இரண்டாம் நாள் அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, நீண்ட ஓட்டம். தங்கைக்கும் காற்று மாற்றம் ஆகட்டும் என்று, பயண துஆவை ஓதிக்கொண்டு நால்வராகக் கிளம்பினோம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கிருந்து கடலோரமாகக் கோவளம். பிறகு கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வீடு. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

செங்கற்பட்டுக் கோட்டையைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்கு அதிகம் தெரியாது. தெரிந்துகொள்ள மிஞ்சியிருப்பதும் அதிகமில்லை. ரயில் பாதையே அதை ஊடறுத்துச் செல்கிறது. 1752-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் முதலில் கோவளம் கோட்டையையும் பின்னர் இதையும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றினார். கிளைவின் படை கோவளத்திலிருந்து செங்கற்பட்டுக்கு வந்தது. நாங்கள் செங்கற்பட்டிலிருந்து கோவளத்துக்குச் சென்றோம்! திருக்கழுக்குன்றத்து மலையடிவாரத்தில் நிறுத்தி டயர்களைத் தொட்டுப் பார்த்தோம். பல மாதம் ஒரே இடத்தில் நின்றதால் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகி, தொடக்கத்தில் வண்டி ‘தட தட’ என்று அதிர்ந்துகொண்டே வந்தது. சூடேறியதும் அதிர்வு குறைந்தது. நிறுத்தி வைக்கும் நாட்களில் வழக்கத்தை விடச் சற்று அதிகமாகக் காற்றடித்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஓரடி முன்னே, ஓரடி பின்னே தள்ளி வைத்தால் இந்தத் தொல்லை இராது. குழந்தைகள் இருவர் சேர்ந்தே தள்ளிவிடலாம்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலின் பக்கம் நிற்கும்போது உதட்டை நாவால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய அந்தக் கற்றளியையே இந்தக் காற்று அரித்திருக்கிறது. சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருப்பதைக் காணலாம். 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தைக் காக்கத் தொல்லியல் துறையினர் செய்திருக்கும் வேலை வியப்புக்குரியது. அலை நேரே மோதாதபடி கருங்கற்களைக் கொட்டி அரண் அமைத்தார்கள். காற்றை மறிக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தார்கள். கல்லுக்குள் ஊறிய உப்பை வெளியே இழுப்பதற்கு, காகிதக் கூழை நல்ல நீரில் குழைத்துச் சுவரில் பற்றுப் போடுகிறார்கள். கூழ் உலரும்போது உப்பு அதனோடு வந்துவிடுகிறது. ஒரு முறை செய்தால் போதாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கல்லுக்கே இந்தக் கதி என்றால் இரும்புத் தகடு எம்மாத்திரம்? உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கிறது. அந்த உப்பு நீர் இரும்பின் மேல் படலமாக இருக்க, துரு பல மடங்கு வேகம் கொள்கிறது. கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு மேல்பூச்சு பளபளவென்று இருக்கும். கதவின் அடிவிளிம்பும் சக்கர வளைவின் உட்புறமும் அப்பளம் போல் நொறுங்கும். டிங்கரிங் கடைக்காரர் தட்டிப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துத் தருவார். ஆறு மாதத்தில் மறுபடி பொங்கும். எனவே மேலே துடைப்பதை விட, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதுதான் இங்கே முக்கியம். கடலோரக் கிணற்று நீர் உவராக இருந்தால் அதைக் கொண்டு கழுவுவது வீண் வேலை. கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். சவுக்கு ஊசிகள் விழுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பள்ளத்திலும் அதே அடைப்பு. இரண்டையும் ஒரு குச்சியால் குத்தி விட வேண்டும். மேலே போர்த்தும் உறை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் தரையிலிருந்து எழும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து வண்டியை வேக வைத்துவிடும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. அதையும் கழுவிய வண்டியின் மேல்தான் போட வேண்டும். உப்புத் தூசியோடு போர்த்தினால் காற்றில் உறை அசைய அசையப் பெயிண்ட்டைத் தேய்த்துவிடும்.

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே செல்லும் வழியில் வடநெம்மேலி. 1976-இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை இங்கேதான். அதே வளாகத்தில், 1978-இல் அமைந்த இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, நச்சு முறிவு மருந்து செய்வோருக்கு அனுப்புகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது நம் மாவட்டமே பெருமைப்பட்டது. காருக்கும் பாம்புக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? எலி எங்கே கூடு கட்டுகிறதோ அங்கே பாம்பு வரும். நெடுநாள் நின்ற வண்டியின் பானெட்டையோ டிக்கியையோ திறக்குமுன் வெளியே நின்று பலமாகத் தட்டுங்கள். கையை விடுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பைக் கண்டால் தடியைத் தேடாமல், பிடிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். எங்கள் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பின்வாங்கி நின்றதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அஸர் தொழுகைக்குக் கோவளம் சேர்ந்தோம். ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர். இப்போது மீனவர் குப்பமும், உல்லாச விடுதிகளும், அலைச் சறுக்கு பழகும் இளைஞர்களுமாக இருக்கிறது. நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் நம்பும் தர்கா இங்கே உள்ளது. வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்ற கார்களுள் சிலவற்றில் மணலும் கீறலும் நிறைய. ஒன்றில் பம்பர் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அத்தனையும் ஓடுகிற வண்டிகள். கடற்காற்றை வாங்கிக்கொண்டு அமர்ந்திருந்த தங்கை, “அண்ணே, எத்தனை வருஷமாச்சு இங்க வந்து! வண்டி வாசல்லயேதான் நின்னுச்சு” என்றார்.

சொந்த உபயோகத்திற்கான வாகனத்திற்கு ஜகாத் கிடையாது என்பது மார்க்க அறிஞர்கள் ஒருமித்துச் சொல்லும் சட்டம். ஜகாத் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடுமா? ஒட்டகத்தைக் கட்டாமல் விடலாமா என்று கேட்ட மனிதருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த மறுமொழியை நாம் மதரஸாப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். என் கருத்தில், ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டுமே பயன்படும், வீட்டில் ஓட்ட ஆளில்லாத காரை வைத்திருப்பதை விட விற்றுவிடுவதே மேல். விடுப்பில் வரும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் அது மலிவாகவே முடியும். அண்டை வீட்டார் பார்க்க வேண்டும் என்பதற்காக நிற்கும் காரைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை.

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர்ச் சாலையில் மழைக்கால நீர் தேங்கும் தாழ்வான இடங்கள் உண்டு. வண்டலூருக்குச் சற்று வடமேற்கே உள்ள முடிச்சூர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாட்டை யாவரும் அறிவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்த வட்டாரத்தில் நின்றிருந்த கார்கள் மூழ்கின. அப்படி நீரில் நின்ற வண்டியை, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஒரு முறை கூடக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. எஞ்சின் அறைக்குள் காற்றுக்குப் பதில் நீர் இருந்தால், நீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கிளப்பியதால் வந்த சேதம் என்று காப்பீட்டுக்காரர் கைவிரிக்கவும் இடமுண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் சென்று பட்டறையில் சேர்ப்பதே அறிவுடைமை.

வண்டலூரில் திரும்பி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கு நோக்கி வந்தால் மறைமலை நகர். ஃபோர்டு ஆலையின் நீண்ட சுவர் இருட்டத் தொடங்கிய நேரத்தில் கடந்து சென்றது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் இங்கிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அதை நம்பி வீடு கட்டியவர்கள், கடனில் வேன் வாங்கி ஆட்களை ஏற்றியவர்கள், உணவகம் வைத்தவர்கள் எத்தனையோ பேர். 2024-இல் மீண்டும் திறக்கும் விருப்பத்தை நிறுவனம் தெரிவித்தது. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இங்கே எஞ்சின்கள் தயாரிக்கப் போவதாக அறிவிப்பு வந்தது; உற்பத்தி 2029-இல் தொடங்குமாம். நின்று போன ஓர் ஆலையை எழுப்புவது எவ்வளவு பொறுமை கேட்கும் என்பதை, நின்ற ஒரு காரை எழுப்பியவர் கொஞ்சம் ஊகிக்கலாம்.

வீடு திரும்பிய இரவே மருமகனுடன் பேசினேன். விற்றுவிடலாம் என்ற என் யோசனையைச் சொன்னேன். அவன் சம்மதித்தும், தங்கை சம்மதிக்கவில்லை. மகன் தன் சம்பாத்தியத்தில் முதன்முதலாக வாங்கிய பொருள் என்கிறார். தாயின் சொல்லுக்கு மேல் நான் என்ன சொல்ல? ஆகவே இப்படி ஏற்பாடாயிற்று. வாரம் ஒரு நாள், மருமகள் தானே வண்டியை எடுத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும், ஏ.சி.யையும் பத்து நிமிடம் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்பிரஸரின் சீல் காய்ந்து வாயு கசியும். மாதம் ஒரு முறை டயருக்குக் காற்று. அடிப்பக்கம் நல்ல தண்ணீர்க் கழுவல். காப்பீடும் புகைச் சான்றும் முடியும் தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் பேத்தி சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். எங்கள் வண்டியில் 0918 என்றிருந்தது. 2018-ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரத்தில் செய்தவை. ஓடிய தூரம் குறைவானாலும் பக்கங்களில் வெடிப்புக் கண்டுவிட்டன. நான்கையும் மாற்றியாக வேண்டும் என்றார் மெக்கானிக். பணம் சென்ற வாரம் ஜித்தாவிலிருந்து வந்து சேர்ந்தது.